புகார்ப் பிரிவில் ஒரு பாதிரியார்

நான் ஆங்கிலம் கற்றதெல்லாம் பழைய புத்தகக் கடையில் எடைக்கு வாங்கிய நாடகங்களில்தான். 'யூ'வுக்குப் பதில் 'தௌ', 'ஹேஸ்'ஸுக்குப் பதில் 'ஹாத்' என்று, வழக்கொழிந்த சொற்களெல்லாம் எனக்கு அத்துப்படி. பெரிய மேதாவி என்ற நினைப்பு வேறு.

இந்த லட்சணத்தில், சலவை இயந்திர நிறுவனம் ஒன்றின் புகார்ப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். முதலில் அழைத்தவர் ஒரு வெளிநாட்டுப் பெண்மணி. அவருடைய துயரம் என்னவென்று 'தௌ' போட்டு உருக்கமாகக் கேட்டேன். அந்தச் சொல்லை அவர் ஜெபத்தில் மட்டுமே கேட்டிருப்பார் போலும். எண் மாறித் தேவாலயத்துக்குப் போய்விட்டதாக நினைத்து, கணவரிடம் மறைத்ததையெல்லாம் கொட்டி அழுது தீர்த்துவிட்டார்.

நான் போனை வைத்ததும் மேலாளர் கேட்டார்: "மெஷினுக்கு என்ன கோளாறாம்?"

"அதைக் கேக்கவே இல்ல சார். ஆனா அவங்கள மன்னிச்சு அனுப்பிட்டேன்."