அத்தான் வெட்டிய மோட்டார் சைக்கிள்

சாப்பாட்டு மேசையின் நடுவில், மடித்த பழைய துவாயின்மேல், அப்பாவின் மோட்டார் சைக்கிளினுடைய பெற்றோல் தாங்கி இருந்தது. அதன் முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தண்ணீரில் நனைத்த சாண்ட் பேப்பரால் அப்பா அதைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பழைய சிவப்பு வர்ணம் கரைந்து அவருடைய முழங்கை வரை வழிந்திருந்தது. மறுபுறம் அத்தான், என் அக்காவின் கணவர், தாங்கி நழுவிவிடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். எதையோ சொல்லி இருவரும் சிரித்தார்கள். நான் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். என்னைக் கண்டும் அவர்கள் சிரிப்பை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால், என்னைப் பற்றித்தான் ஏதோ பேசியிருக்கிறார்கள் என்றாவது நினைத்துக்கொண்டிருப்பேன்.

அப்பா சிரித்து நான் பார்த்தது குறைவு. அவர் கையில் அழுக்குப் பட்டு நான் பார்த்ததே இல்லை. தபாற்கந்தோரில் எழுதுவினைஞராக வேலை செய்தவர். வெள்ளைச் சேட்டு, மடிப்புக் குலையாத காற்சட்டை, சிவப்பு மோட்டார் சைக்கிள். காலையில் வேலைக்குப் புறப்படுமுன் அதை ஒருமுறை துடைப்பார், பின்னேரம் வந்ததும் ஒருமுறை துடைப்பார். கடற்காற்று இரும்பைத் தின்னும் ஊரில் அந்தச் சைக்கிளில் ஒரு பொட்டுக் கறள் இருக்காது. நான் கிட்டப் போனால் "கை வைக்காத தம்பி" என்பார். துடைக்கிற துணியைக்கூட என் கையில் தந்ததில்லை. பிறகு நான் வளர்ந்து, துறைமுகத்துக்குள்ளே கப்பல் திருத்துகிற ஒரு வேலைத்தளத்தில் எஞ்சின் பொருத்தும் பிற்றராகச் சேர்ந்தேன். மேசையில் இருந்து செய்கிற உத்தியோகம் ஒன்றை அவர் எனக்காக நினைத்து வைத்திருந்தார். அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கப்பல் எஞ்சினைக் கழற்றிப் பூட்டுகிற மகன் வீட்டில் இருக்க, சைக்கிளில் ஏதும் பழுது வந்தால் அதைச் சந்தியில் இருந்த கராஜுக்குத்தான் தள்ளிக்கொண்டு போவார். கராஜ்காரன் என்னைக் காணும்போதெல்லாம் சிரிப்பான். அந்தச் சிரிப்பில் கெடுதல் ஒன்றுமில்லை என்று இப்போது தோன்றுகிறது. அப்போது அவன் இருந்த தெருவாலேயே நான் போவதில்லை.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குப் போவது வழக்கம். அக்காவின் கலியாணத்தோடு வீடு அவளுடையதானது. அத்தான் வந்து குடியேறினார். சில வருடங்கள் கழித்து நான் கலியாணம் செய்து கிளிவெட்டியில் என் மனைவியின் வீட்டுக்குப் போனேன். ஊரெல்லாம் நடக்கிற காரியம். இதில் குறை சொல்ல எதுவும் இல்லை என்று நானே பலருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் பிறந்த வீட்டுக்குப் போய், "இருங்கோ மச்சான், என்ன குடிக்கிறியள்?" என்று இன்னொருவர் கேட்க, நான் தவழ்ந்து திரிந்த விறாந்தையில் விருந்தாளியாக உட்காரும்போது ஒரு மாதிரித்தான் இருக்கும்.

அத்தான் இறக்கக்கண்டியில் ஒரு மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பிக்கிறார். ஓயாமல் கதைப்பார். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அவருக்குக் கொஞ்சமும் வெட்கமில்லை. அம்மா இறந்த பிறகு அப்பா முன்விறாந்தைக் கதிரையில் இருந்துவிட்டார். பேப்பரை விரித்தால் விரித்த பக்கத்திலேயே இருப்பார். நான் போய் அருகில் இருந்து "என்னப்பா, சாப்பிட்டீங்களோ?" என்று கேட்பேன். "ஓம்" என்பார். அதற்கு மேல் எங்கள் இருவருக்கும் கதை வராது. மோட்டார் சைக்கிள் பின்விறாந்தையில் ஒரு படங்குத் துணியின் கீழே நின்றது. அதை ஒருமுறை கழற்றிப் பூட்டித் தரவா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

பிறகு நாட்டில் பெற்றோல் இல்லாமல் போன காலம் வந்தது. நிரப்பு நிலையங்களில் வாகனங்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றன. பள்ளிக்கூடங்களையும் மூடிவிட்டார்கள். கிளிவெட்டியில் இருந்து என்னால் பட்டினத்துக்கு வர ஏலவில்லை. வேலைத்தளமும் பாதி நாள் பூட்டியிருந்தது. பல ஞாயிற்றுக்கிழமைகள் போய்விட்டன. கடைசியில் ஒருநாள், நிரம்பி வழிந்த பஸ்ஸில் தொங்கிக்கொண்டு கிண்ணியாப் பாலத்தைக் கடந்து வந்து சேர்ந்தபோதுதான் மேசையின்மேல் அந்தத் தாங்கியைக் கண்டேன். பின்விறாந்தைக்குப் போனேன். படங்கு இல்லை. சைக்கிளின் பின்பகுதியும் இல்லை. இருக்கைக்குக் கீழே போகும் குழாய்கள் இரண்டையும் கிரைண்டரால் வெட்டியிருந்தார்கள். வெட்டிய வாய் பளபளவென்று இருந்தது.

"என்ன அத்தான் இது?" என்றேன்.

"மாமாட்டக் கேட்டனான் மச்சான், வெட்டட்டோ எண்டு. வெட்டுங்கோ எண்டவர்." பிறகு சுவரைக் காட்டினார். "இதுதான் வரப்போகுது. பாருங்கோ."

சுவரில், சைக்கிளின் உண்மையான அளவில், சோக்கட்டியால் ஒரு மோட்டார் சைக்கிள் வரைந்திருந்தார். கைபிடி தாழ்ந்து, தாங்கி நீண்டு, பின்னால் ஒரே ஓர் ஆளுக்கான சிறிய இருக்கையோடு முடிந்தது. பாயத் தயாராகி நிற்பது போல இருந்தது. இரும்போடு இவ்வளவு காலம் இருந்த எனக்கு அப்படி ஒரு கோடு போட வராது. அது மோசமாக இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டபடி பார்த்துக்கொண்டே நின்றேன். அது நன்றாக இருந்தது.

பெற்றோல் இல்லாத ஊரில் மோட்டார் சைக்கிள் செய்கிறார்கள் என்று அக்கா அயலவருக்குச் சொல்லிச் சிரித்தாள். இரண்டு பேருக்கும் எஞ்சினைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. போனில் யாரோ செய்வதைப் பார்ப்பார்கள்; அதுபோலச் செய்வார்கள்; பிழைக்கும்; திரும்பக் கழற்றுவார்கள். காபரேட்டரைப் பூட்டி முடித்த பிறகு சிறிய துண்டுகள் சில மேசையில் மிஞ்சியிருந்தன. அவை எங்கே போகவேண்டியவை என்று எனக்குப் பார்த்த உடனே தெரிந்தது. அப்பா அவற்றை உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டு, "இது தேவையில்லாததுகள் போல தம்பி" என்றார். நான் "இல்லையப்பா" என்று தொடங்கினேன். அவர் கேட்டது அத்தானிடம். அந்த வீட்டில் இப்போது அவர் 'தம்பி' என்று கூப்பிட்டால் இரண்டு பேர் திரும்பிப் பார்ப்போம். அனேகமாக அவர் கூப்பிட்டது என்னையாக இருக்காது.

பட்டினத்துத் தெருக்களில் திரியும் மான்கள், படலை திறந்திருந்தால் வளவுக்குள் வந்துவிடும். ஒருநாள் ஒரு மான் வந்து, சங்கிலி ஊறப்போட்டிருந்த வாளிக்குள் மூக்கை விட்டது. அப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். அவர் ஓடி நான் கண்டது அன்றுதான். அத்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மாமா, அதுக்கும் சைக்கிள் ஓட விருப்பமாம்" என்றார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அந்தச் சிரிப்புக்குள் நான் கொஞ்சம் பிந்தி வந்து சேர்ந்தவன் போல இருந்தது.

பெற்றோல் மெல்ல மெல்ல வரத் தொடங்கிய காலத்தில், வெட்டிய குழாய்களைக் குறுக்கி ஒரு வெல்டிங் கடையில் ஒட்டிக்கொண்டு வந்தார்கள். நான் குனிந்து பார்த்தேன். மேலே வர்ணம் பூசி மறைத்திருந்தாலும், உள்ளே இரும்பு பிடிக்கவில்லை என்று தெரிந்தது. ஆள் ஏறி இருந்து ஒரு குழியில் விழுந்தால் ஒட்டு பிளந்துவிடும். அதைச் சொல்லவேண்டும். ஆனால் எப்படிச் சொல்வது? அவர்கள் செய்த ஒவ்வொன்றிலும் இத்தனை மாதமாகக் குறை கண்டுகொண்டிருந்தவன் நான். எனக்கு எரிச்சல் என்று அக்காவுக்குத் தெரியும், என் மனைவிக்குத் தெரியும், எனக்கே நன்றாகத் தெரியும். பொறாமைப்படுகிறவன் ஒருநாள் உண்மையைச் சொல்ல வந்தாலும், அவனுடைய முகம் அதற்கு எதிராகச் சாட்சி சொல்லிவிடும்.

அப்பாவிடம்தான் முதலில் சொன்னேன். அவர் தலையை நிமிர்த்தவில்லை.

"உனக்கு அவர் செய்யிறது ஒண்டும் பிடிக்காது."

"பிடிக்காதுதான். ஆனா இது உடையும் அப்பா."

குசினிக்குள் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த அத்தானுக்கு நாங்கள் பேசியது கேட்டிருக்கிறது. கோப்பைகளோடு வந்தார். சண்டை ஒன்றுக்கு நான் ஆயத்தமாக இருந்தேன். உண்மையைச் சொன்னால், அந்தச் சண்டைக்காகக் காத்திருந்தேன்.

"மச்சான் சொன்னா சரியாத்தான் இருக்கும் மாமா. எனக்கு இது விளங்காது. அவரிட்டயே குடுப்பம்" என்றார்.

இப்படி ஒரு மனிதரோடு என்ன செய்வது? கோபப்படவும் இடம் வைக்கமாட்டார்.

அடுத்த ஞாயிறு, சைக்கிளின் இரும்புச் சட்டமான பிறேமை ஓட்டோவில் கட்டிக்கொண்டு அப்பாவும் அத்தானும் கிளிவெட்டிக்கு வந்தார்கள். வீட்டின் பின்னால் எனக்கு ஒரு சின்னக் கொட்டில் உண்டு. அதற்கு அப்பால் வயல். கச்சான் காற்று கதிரின் மேலாக வந்து கொட்டிலுக்குள் புகுந்தது. தகரத்தை நிமிர்த்தி மறைப்புக் கட்டினேன். அப்பாவுக்கு வாசலில் ஒரு கதிரை போட்டேன். நான் வேலை செய்வதை அவர் அதுவரை பார்த்ததில்லை. பழைய ஒட்டை முழுதாக வெட்டி எடுத்து, குழாய்க்குள் ஒரு துண்டுக் குழாயைத் தாங்கலாகச் செருகி, நேர் பார்த்து, முகமூடியை இறக்கி ஒட்டினேன். நெருப்பு அடங்கியதும் முகமூடியைத் தூக்கி அவரைத்தான் பார்த்தேன். ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். இந்த வயதிலும் எதிர்பார்த்தேன்.

"முடிஞ்சுதோ?" என்றார். அந்தக் குரலில் இருந்தது ஏமாற்றம்.

அத்தான் கிணற்றடிக்குப் போயிருந்தார். எனக்கு வாய் பொறுக்கவில்லை. "ஏனப்பா இதை என்னட்டத் தரயில்லை? முந்தியும் கேட்டனான்தானே?"

அப்பா கதிரையை வயல் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"உன்னட்டத் தந்திருந்தா ஒரு கிழமையில முடிச்சுக் கொண்டந்து விட்டிருப்பாய். நல்லாத்தான் செய்திருப்பாய். பிறகு நான் என்ன செய்யிறது தம்பி? அந்தக் கதிரையில போய் இருக்கிறதோ?" கிணற்றடிப் பக்கம் கையைக் காட்டினார். "அவருக்கும் ஒண்டும் தெரியாது, எனக்கும் ஒண்டும் தெரியாது. பொழுது போகுது."

அதற்குள் அத்தான் ஈரக்கையோடு வந்துவிட்டார். பிறேமை ஓட்டோவில் ஏற்றினோம். நல்லாத்தான் செய்திருப்பாய் என்று அவர் சொன்னதை, என் வேலையைப் பற்றி அவர் சொன்ன ஒரே வார்த்தையை, போகிற வழியில் விழுந்த துண்டைப் பொறுக்குவதுபோல நான் எடுத்து வைத்துக்கொண்டேன்.

சைக்கிள் முடிந்த நாள் நானும் போயிருந்தேன். கடும்பச்சை வர்ணம். சுவரில் இருந்த கோடு அப்படியே இரும்பாகி நின்றது. பெரிய வீதிக்குக் கொண்டுபோனால் வெட்டி மாற்றிய சைக்கிளைப் பொலிஸ் மறிக்கும் என்று துறைமுகக் கரையோடு போகும் சிறிய வீதிக்குத் தள்ளிக்கொண்டு போனோம். அப்பா கந்தோருக்குப் போவதுபோல வெள்ளைச் சேட்டு உடுத்திருந்தார். அத்தான்தான் உதைத்து ஸ்டார்ட் ஆக்கினார். அப்பா ஏறி, குனிந்து, மெதுவாகப் போனார். வள்ளங்களில் வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். வளைவில் திரும்பி வந்து எங்கள் முன்னால் நிறுத்தினார். மூச்சு வாங்கியது. முகம் சிவந்திருந்தது.

"சத்தம் சரியோ தம்பி?" என்று கேட்டார்.

"ஓம்" என்று நாங்கள் இருவரும் ஒன்றாகச் சொன்னோம். யாரைக் கேட்டார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சாவியை அத்தானிடம் கொடுத்தார்.

போன வருடம் அப்பா காலமானார். கொள்ளி வைத்தது நான். அது மகனுக்கு உரியது, அதில் யாரும் பங்குக்கு வர ஏலாது. ஆனால் வீட்டுக்கு வந்தவர்கள் என் கையைப் பிடித்துவிட்டு, அத்தானிடம் போய்த்தான் நீண்ட நேரம் நின்றார்கள். அவர்தான் அழுதார். எனக்கு அழுகை சரியாக வரவில்லை. அதையும் அவர் என்னைவிட நன்றாகச் செய்கிறாரே என்று அந்த நேரத்திலும் நினைத்தேன்.

எட்டுச் செலவு, அந்தியேட்டி எல்லாம் முடிந்த பிறகு அத்தான் அடங்கிப்போனார். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பின்விறாந்தையில் சும்மா இருக்கிறார் என்று அக்கா சொன்னாள். ஒரு ஞாயிறு, தேநீர் தந்துவிட்டுக் கேட்டார்: "மச்சான், உங்கட பழைய மோட்டார் சைக்கிள் கொட்டிலுக்கை சும்மாதானே நிக்குது? கொண்டு வாங்கோவன். கழட்டிப் பாப்பம்."

கொண்டுபோனேன். எனக்கு அது ஒருநாள் வேலை என்று என் மனைவிக்குத் தெரியும். ஏன் இன்னும் முடியவில்லை என்று அவள் ஒவ்வொரு ஞாயிறும் கேட்கிறாள். நான் சாமான் கிடைக்கவில்லை என்கிறேன்.

அத்தான் கதைக்காமல் வேலை செய்ய மாட்டார். போன கிழமை பின்சில்லைச் சுழலவிட்டுப் பிடித்துக்கொண்டிருந்தவர், "மாமா இதே மாதிரி ஒரு சில்லாலதானே விழுந்தவர்" என்றார்.

"எப்ப?"

"முழங்காலில தழும்பு இருந்ததே."

"அது பந்தடிச்சு வந்தது."

"பந்தோ?" அத்தான் சிரித்தார். "மாமி வீட்டுக்கு முன்னால சைக்கிளில கையை விட்டிட்டு ஓடிக் காட்டினவராம். கலியாணம் பேசி முடியிறதுக்கு முதல். மாமி படலையில நிண்டவவாம். அப்பிடியே போய் வேலிக்குள்ள. உங்களுக்குச் சொல்லயில்லையோ?"

சொல்லவில்லை. சின்ன வயதில் நான் அந்தத் தழும்பைத் தொட்டுக் கேட்டபோது பந்து என்றுதான் சொன்னார். நாற்பது வயதுவரை நான் பந்தென்றே நம்பியிருந்தேன். கையை விட்டு ஓடிய அந்த இளைஞனை இந்த மனிதருக்குத்தான் காட்டியிருக்கிறார். நெஞ்சுக்குள் வழக்கமான அந்த எரிச்சல் எழும்பியது. அதோடு, வேலிக்குள் கிடந்த அப்பாவைப் பார்த்து அம்மா என்ன செய்தாள் என்று அறியும் ஆசையும் எழும்பியது. இன்னும் எத்தனை கதைகள் இவரிடம் இருக்கின்றனவோ தெரியாது. கேட்டு வாங்கினால் தரக்கூடியவர்தான். ஆனால் கை வேலையில் இருக்கும்போதுதான் அவருக்கு ஞாபகம் வருகிறது.

"பிறகு?" என்றேன்.

அத்தான் நினைவுபடுத்திக்கொள்ள முற்றத்தைப் பார்த்தார். அவர் பார்க்காத நேரத்தில், நான் அப்போதுதான் இறுக்கி முடித்திருந்த நட்டைத் திரும்பவும் கழற்றத் தொடங்கினேன்.