திறக்காத கொட்டகையும் ஏரி மண்ணும்

கோஷம் போடுவதும் ஒரு தொழில்தான். தொண்டை கட்டினால் அன்றைக்குப் பிழைப்பு இல்லை. மனுவும் கையுமாகச் சர்க்கார் ஆபீஸ் வாசலில் நின்று கால் வீங்கியவர்களுக்கு நான் சொல்லப்போவது எதுவும் புதிதாக இருக்காது.

திட்டத்தில் இல்லாதது

ஐம்பதுகளின் கடைசியில் திருவண்ணாமலைக்கு வட்டார வளர்ச்சி ஆபீஸ் வந்தது. வந்ததும் ஏரிக்கரையைப் பலப்படுத்தினார்கள். நல்லது. பிறகு, கரை கெட்டுவிடும் என்று ஏரியில் யாரும் மண் எடுக்கக் கூடாதென்றார்கள். அதே கையோடு, அந்த மண்ணை நம்பியிருந்த அடி அண்ணாமலைக் குயவர்களுக்குச் சிமெண்டுத் தரையோடு தொழில் கொட்டகை கட்டினார்கள்.

கார்த்திகை தீபம் நெருங்கிக்கொண்டிருந்தது. அகல் விற்றால்தான் அந்தத் தெருவில் வருஷம் முழுக்க அடுப்பெரியும். குயவர் கன்னியப்பனை அழைத்துக்கொண்டு அதிகாரியைப் பார்த்தேன். கோபமே வராத மனிதர் அவர். அதுதான் பெரிய தொல்லை. "மண்ணு நம்ம ஸ்கீம்ல வராதுங்க. கொட்டகை வருது, சக்கரம் வருது. வேற எதுனா கேளுங்க," என்றார்.

பயிற்சி முகாம்

ஊர்வலம் போனோம். மண் வரவில்லை, பயிற்சியாளர் ஒருவர் வந்தார். பூஜாடி செய்வது எப்படி என்று கரும்பலகையில் படம் போட்டு விளக்கினார். குயவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கன்னியப்பனின் மனைவி முனியம்மா மட்டும் எழுந்து கேட்டாள்: "வாத்தியாரே, போறப்போ அந்த சாக்பீஸையாச்சும் குடுத்துட்டுப் போங்க. ஊறவச்சு நாலு அகலு தட்டிப் பாக்கறோம்."

திறப்பு விழா

மந்திரி வந்து சக்கரத்தைச் சுற்றிக் கொட்டகையைத் திறந்துவைப்பதாக ஏற்பாடு. வெறும் சக்கரத்தை அவர் சுற்ற முடியுமா? ஏரியிலிருந்து ஒரு வண்டி மண் எடுக்க அதிகாரியே உத்தரவு கொடுத்தார். மந்திரி வரவில்லை. அடுத்த வாரம் என்றார்கள். அப்போதும் வரவில்லை. வாழைமரம் வாடியது, புதிதாகக் கட்டினார்கள், அதுவும் வாடியது. பூட்டு அப்படியே தொங்கியது.

எனக்குப் பொறுக்கவில்லை. 'உடனே திற' என்று தட்டி எழுதிக்கொண்டு போய், நாளைக்கே பூட்டை உடைப்போம் என்று குயவர் தெருவில் நின்று முழங்கினேன். வாசலுக்கு வாசல் ஈர அகல்கள் காய்ந்துகொண்டிருந்தன. பேச்சு வேகத்தில் அது என் கண்ணில் படவில்லை. முனியம்மா தட்டியை என் கையிலிருந்து வாங்கி, எழுத்து தெரியாதபடி சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள்.

"ஒவ்வொரு வாட்டியும் பழைய மண்ணு காஞ்சிபோச்சு, மந்திரி கை வைக்கப் புது மண்ணு வேணும்னு சொல்லித்தான் வண்டி ஓட்டறோம். தீபம் முடியற வரைக்கும் அவரு வராம இருக்கட்டும். நீங்க கொஞ்சம் சும்மா இருங்கண்ணே."

மந்திரியை வரவழைக்கத் தெரியாததுதான் வளர்ச்சி ஆபீஸ் அந்தத் தெருவுக்குச் செய்த ஒரே உபகாரம் என்று நான் எந்த மேடையிலும் பேசியதில்லை, ஏனென்றால் அடுத்த கேள்வியாக என் உபகாரம் என்ன என்று கேட்பார்கள்.