உளவு பார்க்காத போன்

கேன்டீனில் டீ குடித்துக்கொண்டே முழங்கால் வலிக்கிறது என்று ஒரு வார்த்தைதான் சொன்னேன். அரை மணி நேரத்தில் என் போனில் முழங்கால் உறை விளம்பரங்கள் வரிசைகட்டி நின்றன. இருபது வருடமாகச் சுரங்கத்தில் கன்வேயர் பிரிவில் இருக்கிறேன். என் உடம்பை இவ்வளவு அக்கறையாக யாரும் விசாரித்ததில்லை. இருந்தாலும் கோபம் வந்தது.

எங்கள் பிரிவு எலக்ட்ரீஷியன், கம்மாபுரத்துக்காரர், வழி சொன்னார். "நாம பேசறத அது கேட்டுக்கினே இருக்குதுங்க. போன்ல கம்பெனி போட்டதை அழிச்சிட்டு வேற சிஸ்டம் போட்டுக்கலாம். எங்கெங்கயோ இருக்கற ஆளுங்க சும்மாவே எழுதிக் குடுத்திருக்காங்க. வேவு பாக்காது."

ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்போடு எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்து காலையிலேயே ஆரம்பித்தார். நடுவில் திரை கறுத்துப்போனது.

"செத்துப்போச்சா?" என்று என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"இல்லீங்கக்கா, மறுபிறவி எடுக்குது."

சாப்பாடு முடிந்து மூன்று மணிக்கு உயிர் வந்தது. விளம்பரம் இல்லை, வேண்டாத ஆப் ஒன்றும் இல்லை. சாயங்காலமே, புதிதாக மாலை போட்ட சாமி மாதிரி, பக்கத்து வீட்டுக்காரர்களுக்கெல்லாம் உபதேசம் செய்தேன்.

மறுநாள் காலை வருகைப்பதிவு ஆப் திறக்க மறுத்தது. பாதுகாப்பில்லாத கருவி என்றது.

"நீங்க வந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியுது சார்," என்றார் டைம் ஆபீஸ் கிளார்க், "ஆப்புக்குத் தெரியலையே."

வந்திருக்கும் நான் வந்திருக்கிறேன் என்று கடிதம் எழுதிக் கொடுத்தேன். பேங்க் ஆப்பும் அதையே சொன்னது. எலக்ட்ரீஷியனைப் பிடித்தேன்.

"நீங்க எப்படிச் சமாளிக்கிறீங்க?"

அவர் இன்னொரு பாக்கெட்டிலிருந்து இன்னொரு போனை எடுத்தார். "இதுல பழைய சிஸ்டம்தாங்க. வேலை ஆவணுமில்ல?"

நானும் பீரோவிலிருந்து விரிசல் விழுந்த பழைய போனை எடுத்து வருகைப்பதிவுக்கு வைத்துக்கொண்டேன். அது அதற்கு மேல் எதையும் தாங்கவில்லை. சுத்தம் செய்த போனில் மறுபடி கம்பெனி ஆப் எதையும் ஏற்ற மனமில்லாமல், பேங்க், கேஸ் புக்கிங், ஷிப்ட் லிஸ்ட் வரும் வாட்ஸ்அப் குரூப் எல்லாவற்றையும் மனைவியின் போனுக்கு மாற்றினேன். என் ரகசியங்கள் இனி எந்தக் கம்பெனிக்கும் போகாது என்று நிம்மதியாக இருந்தேன்.

ஒரு வாரம் கழித்து, மாலை ஆறு மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தேன். மனைவி போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு உங்களுக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட் போல?"

"ஆமா."

"ரெண்டு மணிக்கு முடியுமில்ல?"

"ஓவர்டைம்..."

"குரூப்ல ஓவர்டைம் லிஸ்ட்டும் போடறாங்க. ஒரு நாள்கூட உங்க பேரைக் காணோம். ஆனா அதே குரூப்ல யாரோ போட்ட, கிளப்ல கேரம் ஆடற போட்டோவுல, காயின் அடிக்கற கை உங்க கைதானே?"

வாட்ச்சைப் பார்த்தே கண்டுபிடித்திருந்தாள். பல வருடமாக, வாரத்தில் இரண்டு நாள் ஓவர்டைம் என்று சொல்லிவிட்டு நான் ஆடிய கேரம் அன்றைக்கு வெளிச்சத்துக்கு வந்தது. முழங்கால் வரைக்கும் தெரிந்து வைத்திருந்த அந்தக் கம்பெனி, இதைப் பற்றி இவளிடம் ஒரு நாளும் மூச்சு விட்டதில்லை.

அடுத்த முறை கிளப்புக்கு அவளும் வந்தாள். நான்கு ஆட்டம் ஆடினோம், மூன்றில் தோற்றேன். இப்போது ஃபர்ஸ்ட் ஷிப்டில், ஓவர்டைம் இல்லாத நாட்களில் இரண்டரை மணிக்கே வீட்டில் இருக்கிறேன். ஷிப்ட் மாறினால் எனக்குச் சொல்வதும் அவள்தான்.