வேலிக்கு அந்தப் பக்கம் விழுந்த கொய்யா

கொய்யாப் பழத்தை நான் பிட்டுப் பார்க்காமல் வாயில் வைக்கமாட்டேன். யார் வீட்டில் எவ்வளவு மரியாதையாகத் தட்டில் வைத்துக் கொடுத்தாலும் சரி, பிட்டு, வெளிச்சத்தில் காட்டி, உள்ளே ஏதாவது நெளிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தின்பேன். மகளின் மாமியார் வீட்டில் அப்படிச் செய்யப்போய் மகள் என் தொடையைக் கிள்ளினாள். கிள்ளினால் கிள்ளட்டும். அந்த ஆடி மாதம் நான் பட்ட பாட்டை அவள் பட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. லீவுக்கு வந்த பேத்தி, நான் சொல்லச் சொல்லப் புத்தகத் தமிழாக்கி எழுதுகிறாள். பேச்சு வருகிற இடத்தில் மட்டும் கை வைக்காதே என்று சொல்லியிருக்கிறேன்.

எங்கள் தோப்பு அரும்பாவூருக்கு மேற்கே, பச்சைமலை அடிவாரத்தில் இருக்கிறது. என் வீட்டுக்காரர் வைத்த கொய்யா மரங்கள். அவர் போனதும் மகன் திருப்பூருக்குக் கூப்பிட்டான். போய்ப் பார்த்தேன். அங்கே ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர்தான் தெரிகிறது. திரும்பி வந்து தோப்புக் கொட்டகையிலேயே தங்கிவிட்டேன். பகலெல்லாம் வேலை இருக்கும், ஒன்றும் தோன்றாது. பொழுது சாய்ந்தால்தான் யாரிடமாவது நாலு வார்த்தை பேசவேண்டும் போல இருக்கும். ரேடியோ இருந்தது. அது பேசும், நாம் சொன்னால் கேட்காது.

வேலிக்கு அந்தப் பக்கம் என் கொழுந்தனாரின் தோப்பு. அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது, கிணற்றுத் தண்ணீரை யார் எந்த நாளில் இறைப்பது என்று சண்டை வந்து பேச்சு நின்றுபோனது. பிறகு அண்ணனும் போனார், தம்பியும் போனார். அந்தப் பக்கம் கொழுந்தனார் பெண்டாட்டி தனியாக, இந்தப் பக்கம் நான் தனியாக. சண்டை மட்டும் அப்படியே இருந்தது. என் வீட்டுக்காரர் செத்த அன்றைக்கு வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஒப்பாரி வைத்தாளே தவிர, என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் பக்கத்தில் அப்படித்தான். முதலில் வாய் திறந்தவள் தோற்றவள்.

ஆனால் பேசாமல் இருக்க முடியுமா? என்னிடம் ஓர் ஆடு இருந்தது, அவளிடம் ஒரு மாடு. நான் ஆட்டைப் பார்த்துப் பேசுவேன். அவள் மாட்டைப் பார்த்துப் பதில் சொல்வாள்.

"யாரு வூட்டு மாடோ நம்ம வேலிய மேயுது, கேக்க நாதியில்ல பாத்தியா" என்பேன் ஆட்டிடம்.

"வேலியாம் வேலி! நாலு முள்ளு நட்டு வச்சிட்டு அதுக்குப் பேரு வேலி. வாடி, வவுத்த வலிக்கப் போவுது" என்பாள் மாட்டிடம்.

அந்த ஆடு பொறுமைசாலி. அசைபோட்டுக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொள்ளும்.

முந்தின வருஷம் காய்ப்பெல்லாம் புழு. பெரம்பலூர் வியாபாரி ஒரு பழத்தைப் பிட்டான், முகத்தைச் சுளித்தான், கூடையைக்கூட இறக்காமல் போய்விட்டான். அதைக் கேட்ட மகன், "இந்த ஆடிக் காய்ப்பும் புழுவா இருந்தா மரத்தையெல்லாம் வெட்டிட்டு மக்காச்சோளம் போட்ரலாம்மா. நீ இங்க வந்துடு" என்று சொல்லிவிட்டான். சுற்றிலும் அப்போது எல்லோரும் மக்காச்சோளத்துக்குத்தான் மாறிக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனிக் கடைசியில், காய் பருத்து வருகிற நேரம், விவசாய ஆபீசர் பைக்கில் வந்தார். நல்ல மனுஷர், மோர் கொடுத்தால் இரண்டாவது டம்ளரும் கேட்டு வாங்கிக் குடிப்பார். கீழே கிடந்த பழத்தைப் பிளந்து காட்டினார். ஒரு ஈ காயைக் குத்தி முட்டை வைக்கிறதாம். உள்ளே புழு வளர்ந்ததும் பழம் விழுந்துவிடும். புழு மண்ணுக்குள் இறங்கிக் கூடு கட்டி, மறுபடி ஈயாக வெளியே வந்து மேலே இருக்கிற காயைக் குத்தும். அதனால் விழுந்த பழத்தை அன்றன்றைக்கே பொறுக்கி ஆழக் குழிவெட்டிப் புதைக்க வேண்டும். மரத்தடி மண்ணைக் கொத்திவிட்டால் கூட்டுப்புழு வெயிலில் காயும், கோழியும் கொத்தும். துளசியைக் கசக்கித் தண்ணீரில் போட்டு, துளி பூச்சிமருந்து கலந்து, கொட்டாங்கச்சியில் கட்டித் தொங்கவிட்டால் வாசனைக்கு வருகிற ஈ அதிலேயே சாகும்.

"பக்கத்துத் தோப்புலயும் இதச் செய்யணும்மா. ஈக்கு வேலி கீலியெல்லாம் தெரியாது" என்றார்.

"அத நீங்களே போயி சொல்லுங்க சார்" என்றேன்.

போனார். என் பக்கமிருந்து வந்த ஆபீசர் என்பதால் அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். வேறு வழியில்லை. மறுநாள் காலையில் ஆட்டை வேலியோரம் கட்டி, ஈ, முட்டை, புழு, கூடு என்று எல்லாவற்றையும் அதற்குச் சத்தமாகச் சொல்லிக்கொடுத்தேன். அந்த ஊரிலேயே அவ்வளவு படித்த ஆடு வேறு கிடையாது.

"கேட்டியாடி கூத்த?" என்று மாட்டிடம் ஆரம்பித்தாள் அவள். "தொளசியில வெசம் கலக்குறாளுவோ. பெருமாளு சும்மா வுடுவாரா?"

"பெருமாளுக்கும் புழு இல்லாத பழந்தான் புடிக்கும்" என்றேன் ஆட்டிடம்.

அவள் சிரித்தது எனக்குக் கேட்டது. அன்றைக்குச் சாயங்காலம் பார்க்கிறேன், கீழே விழுந்த பழங்களை அவள் முந்தானையில் பொறுக்கிக்கொண்டிருக்கிறாள்! எனக்குத் தலைகால் புரியவில்லை.

சந்தோஷம் நிலைக்கவில்லை. பொறுக்கின பழத்தையெல்லாம் வேலியோரத்துக் குப்பைக்குழியில் கொட்டி, மேலே சாணியைத் தூவிக்கொண்டிருந்தாள். காசில்லாமல் எரு கிடைக்கும் என்ற கணக்கு. புழுவுக்குச் சாணியைவிட மெத்தென்ற இடம் வேறு ஏது? ஆட்டிடம் சொன்னேன்.

"எங்க குப்ப, எங்க குழி" என்றாள் மாட்டிடம்.

மறுபடி சொன்னேன். ஆபீசரை இழுத்துப் பேசினேன், சாமியை இழுத்துப் பேசினேன். அவள் இன்னும் ஒரு கூடை கொண்டுவந்து கொட்டினாள். கொஞ்ச நாளில் குழி ஓரமாகப் போனால் முகத்தில் மோதுகிற அளவுக்கு ஈ. என் மரத்துக் காய்களில் புதிதாக ஊசி குத்தின மாதிரிப் புள்ளிகள். கோபம் வந்தது. அதைவிடப் பயம். திருப்பூர் ஜன்னல் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. வேலியை விலக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். சேலை முள்ளில் மாட்டிக் கிழிந்தது.

"தங்கச்சி, அத அங்க கொட்டாத."

கூடையோடு நின்றாள். என்னைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் ஆட்டையும் எட்டிப் பார்த்தாள்.

"ஆட்டுக்குச் சொல்றியா, எனக்குச் சொல்றியா?"

"ஒனக்குத்தான்டி."

"அப்ப நீ தோத்துட்ட."

"தோத்துட்டேன். மம்பட்டிய எடுத்துட்டு வா."

எடுத்துக்கொண்டு வந்தாள். இரண்டு பேரும் இடுப்பு ஆழத்துக்குக் குழி வெட்டினோம். பேசத்தான் ஒன்றும் வரவில்லை. இத்தனை வருஷம் ஆட்டிடமும் மாட்டிடமும் கொட்டித் தீர்த்தவர்கள், நேருக்கு நேர் நின்றதும் வாயடைத்துப்போனோம். "தண்ணி வேணுமாக்கா?" என்றாள். "குடு" என்றேன். அவ்வளவுதான். குப்பைக்குழியை அடியோடு வாரி அந்தக் குழியில் தள்ளி மண் மூடினோம். அதற்குப் பிறகு தினமும் அவள் பக்கம் அவளும், என் பக்கம் நானும் பொறுக்கிப் புதைத்தோம். அவள் மரங்களிலும் கொட்டாங்கச்சி தொங்கியது.

பின்னால் பழுத்த காய்ப்பு பெரும்பாலும் நன்றாக வந்தது. வியாபாரி ஒன்று மாற்றி ஒன்று பிட்டுப் பார்த்துவிட்டு, "சுத்தமா இருக்கு ஆத்தா" என்று கூடையை இறக்கினான். பஞ்சாயத்து ஆபீஸ் பக்கத்து டெலிபோன் பூத்திலிருந்து மகனுக்குப் போன் போட்டேன்.

"சரிம்மா, மரம் இருக்கட்டும்" என்றான். வேறென்ன விசேஷம் என்று கேட்டான். சொல்ல ஆரம்பிப்பதற்குள் சூப்பர்வைசர் கூப்பிடுகிறார் என்று வைத்துவிட்டான்.

யாரிடமாவது சொல்லியாக வேண்டும். வேலிக்குப் போய், "மரத்த வெட்டலியாம்டி" என்றேன்.

"வெட்டாம இருந்தா நல்லதுதான்" என்றாள். "அடுப்புல கொழம்பு இருக்குக்கா" என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பொழுது மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. நான் முதல் மரத்தைத் தொட்டு, "இருந்துக்க" என்றேன். அதற்கு மட்டும் சொன்னால் மற்றது என்ன நினைக்கும்? ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொல்லிக்கொண்டே போனேன். பாதித் தோப்பில் இருட்டிவிட்டது. எந்த மரத்துக்குச் சொன்னேன், எதற்குச் சொல்லவில்லை என்று குழம்பிப்போய், மறுபடி முதல் மரத்திலிருந்து ஆரம்பித்தேன்.