பெரு நாட்டுத் தலைப்பானையும் ஜாய்ஸின் இரண்டு தட்டும்

ஜாய்ஸ் எதையும் தட்டிப் பார்க்காமல் வாங்கியதில்லை. தேங்காய், தர்பூசணி, தண்ணீர்ப் பானை, எதுவானாலும் சரி. கணவனைத்தான் தட்டாமல் கட்டிக்கொண்டாள். அதன் பலனை அவளே விவரமாகச் சொல்வாள். செய்யூரில் சவுக்கு வெட்டி, படூர் அடுக்ககத்தில் படி துடைத்து, நாற்பத்திரண்டு வயதில் மாமல்லபுரம் பக்கம் ஒரு தனியார் அருங்காட்சியகத்தில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே மூன்று மெமோ வாங்கினால் வீட்டுக்குப் போகலாம். ஜாய்ஸ் ஏற்கெனவே இரண்டு வாங்கியிருந்தாள். முதல் மெமோ கண்ணாடியைத் துடைக்காததற்கு. இரண்டாவது, துடைத்ததற்கு.

அன்று மேசைமேல் இருந்தது, புதிதாக வாங்கி வந்த மூன்று பெட்டிகளில் ஒன்றைப் பிரித்து எடுத்த பெரு நாட்டுப் பானை. ஆயிரத்தைந்நூறு வயது என்று சீட்டு சொன்னது. பானை முழுக்க ஒரு மனிதத் தலை: தடித்த மூக்கு, வட்டத் தோடு, முறைக்கிற கண், உச்சியில் வளையம்போல் வளைந்த மண்குழாய். கூட்டிவிட்டு நிமிர்ந்தவளின் முகத்துக்கு நேரே அந்த முகம். விரல் தானாக மடங்கியது. கன்னத்தில் இரண்டு தட்டு.

'டங்' என்று வரவேண்டிய சத்தம் 'டொப்' என்று வந்தது.

வாயை மூடிக்கொண்டிருந்தால் பிழைத்திருப்பாள். மேலாளர் பரணிதரனிடம் போய், "சார், அந்த ஆளு ஒடஞ்சிகீறாரு" என்றாள்.

"எந்த ஆளு?"

"பானை சார். எங்கியோ ஒட்டு போட்டுகீது."

"உன்ன யாரு தொடச் சொன்னா?"

கண்ணுக்கு ஒரு கீறலும் தெரியவில்லை. கேமராவிலோ அவள் தட்டியது தெளிவாகத் தெரிந்தது. விரிசல் இல்லையென்றால் புரளி கிளப்பியதற்கு வேலை போகும்; இருந்தால் உடைத்ததற்குப் போகும். பரணிதரன் மூன்றாவது மெமோவைத் தட்டச்சு செய்து, காரணத்துக்கு மட்டும் இடம் விட்டு வைத்தார்.

முதலாளி ஜெகதீசன் வந்தார். "கவுண்டர்ல கள்ளநோட்டு பாக்கிற ஊதா விளக்க எடுத்துட்டு வாங்க. பழைய பசை இருந்தா மின்னும்."

திரைகளை இழுத்துவிட்டார்கள். ஒரு பானை உடைந்திருக்கவேண்டும், அதுவும் பழசாக உடைந்திருக்கவேண்டும் என்று கர்த்தரிடம் கேட்பது ஜாய்ஸுக்கே கூச்சமாக இருந்தது. கேட்டாள். விளக்கு நெற்றியில் போனது, ஒன்றுமில்லை. மூக்கு, கன்னம், ஒன்றுமில்லை. பரணிதரன் பேனாவைத் திறந்தார். விளக்கு காதுக்குப் பின்னால் திரும்பியபோது, கழுத்துவரை வெளிறிய நீலக் கோடு ஒன்று மின்னியது.

"நல்லா ஒட்டி, மேல வர்ணம் பூசியிருக்கான்," என்றார் ஜெகதீசன், விற்றவனை நினைத்து.

"இருந்தாலும் தொட்டது தப்பு சார்," என்றார் பரணிதரன்.

ஜெகதீசன் பிரிக்காத இன்னும் இரண்டு பெட்டிகளைப் பார்த்தார். "ஏம்மா, அதையும் கொஞ்சம் தட்டிப் பாரேன்."

ஜாய்ஸ் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "மொதல்ல அந்த மெமோவ கிழிக்கச் சொல்லுங்க சார். அப்பால தட்டறேன்."

பரணிதரன் கிழித்தார், அடித்ததைவிட வேகமாக.