வலை கட்டிய ஜன்னல்

நைனாவின் கன்னத்தின் உட்புறத்தில் சின்னதாய்ப் புற்று. ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டார்கள். ஊசியில் மருந்தை ஏற்றி, அது உடம்பில் ஊறிய பிறகு சிவப்பு ஒளியைப் பாய்ச்சிக் கட்டியைக் கருக்கினார்கள். மருந்து உடம்பை விட்டு இறங்கும்வரை தோலில் வெயில் பட்டால் வெந்துவிடும், ஒரு மாதம் வெளியே தலைகாட்டக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். மீன் பிடித்து ஏரியிலேயே கிடக்கும் மனிதரிடம் சொல்கிற பேச்சா இது!

ஏரிக்கரையில், பசியாவரத்து வீட்டில் அம்மா ஜன்னலை அடைத்தாள். கோழியை மூடவும் கீரைப் பாத்திக்கு வேலி கட்டவும் எங்கள் வீட்டில் வலைதான். இதற்கும் இறால் வலையையே நான்காக மடித்துக் கட்டிவிட்டாள். சென்னையிலிருந்து நான் போனபோது, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த நைனாவின் கை சிவந்து வீங்கியிருந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"இறாக் குஞ்சுகூட தப்பாது இதுல. வெயிலு மட்டும் எப்டிடி வந்துச்சு?" என்று அம்மா என்னிடமே கேட்டாள். கம்பளியை எடுத்து வலைமேல் மாட்டினேன்.

என் ஆராய்ச்சியே இந்த வெயில் தொல்லையைப் பற்றித்தான். அதே மருந்தைக் கண்ணுக்குத் தெரியாத நானோ துகள்களில் அடைத்து அனுப்புகிறோம். கட்டிக்குப் போகும் ரத்தக் குழாய் கிழிந்த வலை மாதிரி. துகள்கள் அதன் வழியே கட்டிக்குள் அதிகமாக இறங்கும், தோலில் குறைவாகத் தங்கும். நைனாவுக்கு இப்படித்தான் விளக்கினேன்.

"அப்போ எனக்கும் அதையே போட்டிருக்கலாம்ல?"

"இன்னும் எலிக்குத்தான் போட்டுப் பாக்கறோம், நைனா."

"எனக்கு முன்னாடி எலி வெயிலுக்குப் போவுது, பாத்தியா!" என்று அம்மாவிடம் முறையிட்டார்.

அதிலிருந்து போனில் எலி விசாரிப்புதான். துன்னுதா, தோலு செவக்கலியே என்று கேட்பார். நானும் கிண்டலாகவே பதில் சொல்வேன். மறுபரிசோதனைக்கு முந்தின நாள் மட்டும் குரல் இறங்கியிருந்தது.

"எலிக்குக் கட்டி கரையுதாம்மா?"

யாரைப் பற்றிக் கேட்கிறார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"கரையுது, நைனா" என்றேன். அது உண்மையும்கூட.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். டாக்டர் வாய்க்குள் நன்றாகப் பார்த்துவிட்டு, புண் ஆறிவிட்டது, கட்டி இல்லை, இனி கொஞ்சம் கொஞ்சமாக வெயிலில் போகலாம் என்றார். அம்மா அங்கேயே உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன், அவ்வளவு சந்தோஷம்.

அன்று சாயங்காலம் ஊர் திரும்பியதுமே நைனா ஜன்னல் வலையை அவிழ்த்துப் படகில் போட்டார். கோலை ஊன்றிப் படகைத் தள்ளியவர், கரையில் நின்ற என்னைப் பார்த்து, முகத்தை வெயிலுக்குக் காட்டியபடியே கத்தினார்.

"உன் எலிகிட்ட சொல்லும்மா, நானும் வெளிய வந்துட்டேன்னு!"