காது மூழ்கும் அளவுக்கு

என் கணவர் எதையும் நேராகச் சொல்ல மாட்டார். கடையில் தேங்காய் இல்லை என்று சொல்ல வேண்டுமானால், வீட்டுப் படி இறங்கியதிலிருந்து ஆரம்பிப்பார். வழியில் யாரைப் பார்த்தார், அவருடைய மைத்துனருக்கு எந்த ஊரில் வேலை, அந்த ஊர் பஸ் இப்போது எங்கிருந்து கிளம்புகிறது என்று எல்லாம் சுற்றிவிட்டுத்தான் தேங்காய்க்கு வருவார். நான் கணக்கு டீச்சர். நாற்பது நிமிட பீரியடுக்குள் பாடத்தை முடித்தாக வேண்டும் என்று முப்பத்திரண்டு வருஷம் ஓடியவள். எங்கள் கல்யாண வாழ்க்கையில் நான் அதிகம் சொன்ன வாக்கியம் "விஷயத்துக்கு வாங்க" என்பதாகத்தான் இருக்கும். அவர் கோபித்துக்கொண்டதே இல்லை. விட்ட இடத்துக்கும் கொஞ்சம் பின்னால் போய் மறுபடி தொடங்குவார்.

அரியமங்கலத்தில் லேத் பட்டறை வைத்திருந்தார். அதை மூடிய இரண்டாம் வருஷம், ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது பிரஷ் கையிலிருந்து நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் அப்படியே சரிந்துவிட்டார். பக்கவாதம். ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்ரீரங்கத்து வீட்டுக்குத் திரும்பியபோது வலது காலை இழுத்து இழுத்து நடந்தார். வலது கை மூடிய முஷ்டியாக மார்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. பேச்சும் அடிபட்டிருந்தது. என்ன சொல்ல வேண்டும் என்பது அவருக்குத் தெரியும், வார்த்தைதான் வாய்க்கு வர நேரமாகும். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் குக்கர் ஒரு விசில் விட்டுவிடும்.

அந்த இடைவெளியை நான் நிரப்பினேன். "அந்த..." என்பார். மூக்குக் கண்ணாடியைக் கொடுப்பேன். வாங்கிக்கொண்டு மறுபடியும் "அந்த..." என்பார். பேப்பரைக் கொடுப்பேன். பிறகு டி.வி. ரிமோட். ஒருநாள் மூன்றையும் மடியில் வைத்துக்கொண்டு, எதையும் தொடாமல் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் கேட்டது இந்த மூன்றில் ஒன்றுமில்லை என்று எனக்கு அப்போதே தெரிந்தது. ஆனாலும் அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பேச்சுப் பயிற்சி கொடுத்தவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "சாரையே பேச விடுங்கம்மா. எல்லாத்தையும் நீங்களே முடிச்சுக் குடுத்தா, அவரு முயற்சி பண்றதை விட்டுடுவாரு. அப்புறம் இருக்கிற பேச்சும் தங்காது." நன்றாகத் தலையாட்டிவிட்டு வந்தேன். அன்றைக்கே வீட்டு லிஃப்டில் ஏறுவதற்குள் அவருக்காக இரண்டு வாக்கியத்தை முடித்திருந்தேன்.

பயிற்சி கொடுத்தவர் சொன்னபடியே நடந்துகொண்டிருந்தது. இவர் முதல் சொல்லோடு நிறுத்திவிட்டு மீதிக்கு என் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தார். நான் எதைச் சொல்கிறேனோ அதற்குத் தலையாட்டுவார். உப்புமாவா என்றால் உப்புமா, தோசையா என்றால் தோசை. தேங்காய்க்கு அவ்வளவு தூரம் சுற்றுகிற மனுஷன் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைகூடப் பேசவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்தில் இன்னும் அதிகமாகப் பேசினேன்.

கை, கால் விறைப்புக்குத்தான் டாக்டர் வெந்நீர்ச் சிகிச்சையை எழுதிக் கொடுத்தார். கே.கே. நகரில் ஒரு பிசியோதெரபி சென்டரின் பின்பக்கத்தில் மூடின அறை. உள்ளே நீல ஓடு பதித்த சிறிய குளம், மார்பளவு ஆழம். குழந்தையைக் குளிப்பாட்ட விளாவி வைக்கிற தண்ணீரின் சூடு. அதில் நீந்த வேண்டியதில்லை, எதுவுமே செய்ய வேண்டியதில்லை. மல்லாந்து படுக்க வேண்டும், அவ்வளவுதான். தெரபிஸ்ட் ஒரு கையைத் தலைக்கு அடியிலும் இன்னொரு கையை இடுப்புக்கு அடியிலும் கொடுத்து, நம் மூச்சுக்குத் தகுந்தபடி மெல்ல இழுத்து மெல்லத் திருப்புவார். தசை தானாக இளகுமாம். ஜீயபுரத்தில் வாழைத்தோட்டம் வைத்திருக்கிற குடும்பத்துப் பெண் அந்தத் தெரபிஸ்ட். எங்கள் மகளைவிடச் சின்னவள்.

முதல் நாள் அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சாய்தளத்தில் இறங்கினார். தண்ணீரில் கால் வைப்பதற்கு முன்னால் நின்று, குனிந்து, இடது கையால் கொஞ்சம் அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார். காவேரியில் இறங்குகிறவர்கள் செய்வதுதான். இது குளோரின் போட்ட தண்ணீர் என்று நான் கரையிலிருந்து ஞாபகப்படுத்தினேன். அந்தப் பெண் அவர் தெளித்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.

பிறகு மல்லாத்தினாள். காது தண்ணீருக்குள் போகும், பயப்பட வேண்டாம் என்றாள். நான் சும்மா இருப்பேனா? கரையோரமாக நடந்தபடியே கழுத்தைத் தளர்த்தச் சொன்னேன், மூச்சை விடச் சொன்னேன், கையை மடக்காதீர்கள் என்றேன். நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் என்ன சொல்கிறேன் என்று கேட்பதற்காக அவர் தலையைத் தூக்கினார். தலை தூக்கியதும் கால் அடியில் போனது. அந்தப் பெண் மறுபடியும் மிதக்க வைப்பாள். நான் மறுபடியும் ஏதாவது சொல்வேன். நாலாவது தடவை அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"அம்மா, நீங்க கொஞ்சம் வெளியில உட்காருங்களேன்."

மூக்குக்கு மேல் கோபம் வந்தது. எத்தனையோ பிள்ளைகளை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தவள் நான். செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் பொறுத்துக் கதவுக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன். அவர் கண்ணை மூடியிருந்தார். எட்டு மாதமாக முஷ்டியாகவே இருந்த வலது கை மார்பை விட்டு விலகி, தூங்குகிற பிள்ளையின் கைபோல விரல்கள் பாதி விரிந்து தண்ணீர்மேல் கிடந்தது. சந்தோஷமாக இருந்தது. பொறாமையாகவும் இருந்தது, அதை மறைப்பானேன். எட்டு மாதமாக அந்தக் கையைத் தினமும் எண்ணெய் தடவி நீவிவிட்டவள் நான்.

செவ்வாயும் வெள்ளியும் போய் வந்தோம். கால் கொஞ்சம் இளகியது. தண்ணீருக்குள் கைப்பிடி இல்லாமலே நிற்கப் பழகினார். பேச்சு மட்டும் அப்படியே இருந்தது. குளத்துக்குள் அந்தப் பெண்ணிடம் ஒன்றிரண்டு வார்த்தை சொல்கிறார் என்று கேள்விப்பட்டேன். கரைக்கு வந்ததும் துண்டோடு நான் நிற்பேன். என்னைப் பார்த்ததும் வாய் மூடிக்கொள்ளும்.

இதற்கு நடுவில் ஒருநாள் அவரைக் கட்டிலிலிருந்து தூக்கப் போய் எனக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டது. யாராவது கூப்பிட்டால் உடம்போடு சேர்ந்து திரும்ப வேண்டியிருந்தது. அந்தப் பெண் அதைக் கவனித்துவிட்டு, அடுத்த தடவை மாற்றுத் துணி எடுத்து வரச் சொன்னாள். அவருடைய நேரம் முடிந்ததும் பத்து நிமிஷம் எனக்காம். எனக்கெதற்கு என்றேன். ஆனால் அவர் இடது கையை நீட்டித் தண்ணீரைக் காட்டினார். போ என்று அர்த்தம். அதை மட்டும் நான் சரியாகப் புரிந்துகொண்டேன்.

மகள் விட்டுவிட்டுப் போன பழைய சுடிதாரைப் போட்டுக்கொண்டு அறுபத்திரண்டு வயதில் குளத்தில் இறங்கினேன். அவர் இன்னும் தண்ணீருக்குள்ளேயே கைப்பிடி ஓரமாக நின்றுகொண்டிருந்தார். என் கோலத்தைப் பார்த்துச் சிரித்தார். அந்தப் பெண் தன் கையில் தலையை வைக்கச் சொன்னாள். வைத்திருக்கிறேன் என்றேன்.

"இல்லம்மா. தூக்கி வச்சிருக்கீங்க."

எவ்வளவு முயன்றாலும் கழுத்து விடவில்லை. கால் கல்லாக இறங்கியது. ஒரு கண் அவர் வழுக்கிவிடக் கூடாதே என்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. என்னால் இது ஆகாது, எழுந்துவிடுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தபோது, அவர் சுவரை ஒட்டி ஒவ்வொரு அடியாக நகர்ந்து என் தலைப்பக்கம் வந்தார். இடது கையை என் பிடரிக்கு அடியில் கொடுத்தார். அந்தப் பெண் ஒரு விநாடி யோசித்தாள். அவர் முதுகைச் சுவரில் சாய்த்து நிறுத்தினாள். தன் ஒரு கையை என் தோளுக்கு அடியில் காவலாக வைத்துக்கொண்டு, தலையை அவருக்கே விட்டுவிட்டாள்.

என் காது மூழ்கியது. உலகத்துச் சத்தமெல்லாம் நின்றுபோய் என் மூச்சு மட்டும் கேட்டது. மேலே அவர் முகம் தலைகீழாகத் தெரிந்தது. அவர் உதடு அசைந்தது. ஏதோ சொல்கிறார். பழக்கம் விடுமா, தலையைத் தூக்கப் பார்த்தேன். அவர் வேண்டாம் என்று தலையை அசைத்தார். மறுபடி உதடு அசைந்தது, நின்றது, அசைந்தது. என்னால் மீதியைச் சொல்ல முடியாது, எனக்குத்தான் முன்பாதியே கேட்கவில்லையே. அவர் நிறுத்தவில்லை. நெற்றி சுருங்கும், வார்த்தையைத் தேடுவார், கிடைத்ததும் முகம் தெளியும். பத்து வார்த்தைக்கு மேலேயே இருக்கும். இருபது இருக்கும். எண்ணுவதை விட்டுவிட்டேன். எப்போது என் கால் மேலே வந்தது என்று தெரியவில்லை. அழுதேன். முகமெல்லாம் ஈரம், யாருக்கும் தெரிந்திருக்காது.

உடை மாற்றிக்கொண்டு வந்ததும் அந்தப் பெண்ணிடம் போய் அவர் என்ன சொன்னார் என்று கேட்டேன். பட்டறையைப் பற்றி ஏதோ சொன்னார், தனக்குப் பாதிதான் புரிந்தது, அவரையே கேளுங்கள் என்றாள்.

ஆட்டோவில் ஏறியதும் கேட்டேன். கேட்டுவிட்டு வாயை இறுக மூடிக்கொண்டேன்.

"பட்டறைல..." என்றார். பாலக்கரை சிக்னலில் ஆட்டோ நின்றது. "முதல்... லேத்து... வந்தப்ப..."

"விஷயத்துக்கு வாங்க" நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பையின் காதை முறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இந்தக் கதையின் ஆரம்பம் எனக்கு மனப்பாடம். முதல் லேத் கோயம்புத்தூரிலிருந்து லாரியில் வந்தது, ஆடி மாதம், அன்றைக்கு மழை. கல்யாணமான நாளிலிருந்து எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். இதன் முடிவை ஒருநாளும் கேட்டதில்லை.

சத்திரம் பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போதுதான் லாரி பட்டறை வாசலுக்கு வந்து சேர்ந்தது. காவேரிப் பாலத்தில் ஏறியபோது லேத்தைச் சங்கிலி போட்டுக் கட்டினார்கள். அவர் வார்த்தை தேடும்போதெல்லாம் நான் ஆற்றைப் பார்த்தேன். தண்ணீர் ஒரு கரையோரமாக ஓடிக்கொண்டிருந்தது. மாம்பழச் சாலையில் லேத் தரையை விட்டு எழும்பியது. ஆறு பேர் சங்கிலியை இழுக்க, கீழே நின்று அது ஆடாமல் கையால் பிடித்துக்கொண்டவர் இவர் ஒருவர்தான். விழுந்தால் ஆள் கூழாகிவிடும். எங்கள் வீட்டு வாசல் வந்தபோதும் லேத் அந்தரத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

"கொஞ்சம் இருங்க. அவரு சொல்லி முடிக்கட்டும்" என்றேன். டிரைவர் இன்ஜினை நிறுத்தினார்.

"அன்னிக்கு... எனக்கு... கை நடுங்கல" என்றார் அவர். இடது கையை மடியிலிருந்து எடுத்து, உள்ளங்கையை மேலே பார்க்க விரித்துக் காட்டினார். அதில்தான் கொஞ்ச நேரத்துக்கு முன்னால் என் தலை இருந்தது. "இன்னிக்கு... நடுங்குச்சு."

நான் அந்த உள்ளங்கையையே பார்த்தேன்.

"ஆனா... நீ..." என்றார். நெற்றி சுருங்கியது. தேடினார். கிடைத்தது. "கனமே... இல்ல."

எனக்குப் பதில் உடனே வந்துவிட்டது. அறுபத்தெட்டு கிலோ, போன வாரம்தான் எடை பார்த்தேன் என்று. சொல்லவில்லை. அவர் இன்னும் முடிக்கவில்லையோ என்னவோ என்று காத்திருந்தேன்.